பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள்

ஒருமுறை எங்கள் ஜாவா நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் நின்றுபோனது. மறுபடி இயக்கிப் பார்த்தால், அமைப்புகளை வைத்திருந்த எக்ஸ்எம்எல் கோப்பு அதே பெயரில் அதே இடத்தில் இருக்கிறது. அளவு மட்டும் 0 பைட். நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோப்பைப் படிக்கிறது, ஒரு மதிப்பை மாற்றுகிறது, எழுதுகிறது. எங்கே தப்பு?

எழுதத் திறந்த இடத்தில்தான். ஜாவாவில் கோப்பில் எழுத உதவும் ஃபைல்ரைட்டர் ஒரு கோப்பைத் திறந்த உடனேயே, ஒரு எழுத்துகூட எழுதும் முன்பே, அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஃபைல்ஸ்.ரைட்ஸ்ட்ரிங்கும் நாம் வேறு சொல்லாவிட்டால் அப்படித்தான். நடுவில் நிரல் நின்றால் பழையதும் போச்சு, புதியதும் இல்லை. எக்ஸ்எம்எல், ஜேசன் வடிவக் கோப்புகள் பாதியில் அறுந்தால், அவற்றைப் படித்துப் பிரிக்கும் பார்சர் உடனே பிழை காட்டும். வரிக்கு வரி தரவை வைத்திருக்கும் சிஎஸ்வி அப்படியில்லை. வரி முடிவில் அறுந்திருந்தால் ஒழுங்காகவே திறக்கும், மீதி வரிகள் காணாமல் போனது யாருக்கும் தெரியாது.

இப்போது நான் செய்வது இதுதான்: அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பு உருவாக்கி, முழுக்க எழுதி மூடுவேன். அதை ஒருமுறை பார்ஸ் செய்து பார்த்த பிறகே, ஃபைல்ஸ்.மூவ் வழியாக, அட்டாமிக் மூவ் ஆப்ஷனோடு (நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது) பழைய பெயருக்கு மாற்றுவேன். தற்காலிகக் கோப்பு வேறு டிஸ்க்கில் இருந்தால் இது நடக்காது, எக்ஸெப்ஷன் வரும். கரண்ட் போவதையும் தாங்க வேண்டுமென்றால், பெயர் மாற்றும் முன், எழுதியதை டிஸ்க்கிலேயே பதியவைக்கும் ஃபைல்சேனலின் ஃபோர்ஸை அழையுங்கள்.

சத்தமில்லாத இழப்பும் உண்டு. ஜேசனைக் கையாளும் ஜாவா லைப்ரரியான ஜாக்சன் 2-இல் ஜேசனை கிளாஸ் ஆப்ஜெக்ட்டாகப் படிக்கும்போது, தெரியாத ஃபீல்டு வந்தால் பிழை வரும். தொல்லையாக இருக்கிறதென்று பலரும் அந்தச் சோதனையை அணைத்துவிடுகிறார்கள். படிக்க மட்டும் என்றால் சரி. திருத்தித் திரும்ப எழுதினால் அந்த ஃபீல்டுகள் கோப்பிலிருந்தே போய்விடும். ஒரு மதிப்பை மட்டும் மாற்ற ஜேசன்நோட் மரமாகப் படித்து மாற்றுங்கள், மற்றவை அப்படியே இருக்கும். அமைப்புகளைக் கோப்பில் சேமிக்கும் ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸில் உள்ள ஸ்டோரும் இப்படித்தான், கோப்பில் யாரோ பொறுப்பாக எழுதி வைத்த கமெண்ட்டுகளைத் தூக்கிவிடும்.

அப்புறம், எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை. ஜாவா 18-இல்தான் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம் எல்லா இடத்திலும் இயல்புநிலை ஆனது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இயல்புநிலைக் குறியாக்கம் நிரல் ஓடும் கணினியைப் பொறுத்தது. தமிழ்ப் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகி நின்றதைப் பார்த்திருக்கிறேன், அவற்றிலிருந்து பெயர்களை மீட்க வழியே இல்லை. ஜாவா 11 முதல் ஃபைல்ரைட்டருக்கே குறியாக்கத்தைக் கொடுக்கலாம். படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.