வலி எந்தக் கையில் என்று பார்க்காதீர்கள்

“வலது கைதானே டாக்டர் வலித்தது? இடது கையாக இருந்தால் உடனே வந்திருப்போம்.” நோயாளியின் மனைவி இதைச் சொன்னபோது காலை ஆறு மணி. வலி தொடங்கியதோ முந்தைய இரவு ஒன்பது மணிக்கு. அவருடைய வலது தோளில் தேய்த்திருந்த தைலத்தின் நெடி கட்டிலைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. ஈசிஜி தாளில் மாரடைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அடைப்பை நீக்கினோம், பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தில் செத்துப்போன இதயத் தசை இனி திரும்பாது. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

இடது கையையும் இதயத்தையும் முடிச்சுப் போடும் வழக்கம் பழையது. இடது கை மோதிர விரலிலிருந்து மெல்லிய நரம்பு ஒன்று நேரே இதயத்துக்குப் போகிறது என்று ரோமானியர்கள் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். திருமண மோதிரத்தை அந்த விரலில் அணிவதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். அப்படி ஒரு தனி நரம்பு எந்த விரலிலும் கிடையாது. மோதிரத்துக்கு அந்த நம்பிக்கை அழகாக இருக்கலாம். அதை வைத்து நோயைக் கணிப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

இதயம் நெஞ்சின் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. அதன் வலி இடது கையில் தெரியலாம், வலது கையில் தெரியலாம், இரண்டிலும் தெரியலாம். தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு என்று எங்கும் போகலாம். இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: நெஞ்சுவலி வலது கைக்கோ இரு கைகளுக்குமோ பரவினால், இடது கைக்கு மட்டும் பரவும்போது இருப்பதைவிட மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுதல் என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘வலது கைதானே’ என்ற ஆறுதலுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

மெல்லிய குழாயைச் செலுத்தி இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்ய வலது மணிக்கட்டைத் துடைக்கும்போதும் “இதயம் இடப்பக்கம் அல்லவா?” என்று பதறுகிறார்கள். எந்தக் கையிலிருந்தும் இதயத்துக்கு வழி உண்டு. 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர், தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயை இதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். 1956-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

வலியைக் காட்டச் சொன்னால், விரல் நுனியால் ஒரு புள்ளியைத் தொடுபவரைவிட முஷ்டியை மடக்கி நெஞ்சின் நடுவில் வைப்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பகீரென்கிறது. பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. பாரம், இறுக்கம், அழுத்தம் என்பார்கள். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது. மூச்சு வாங்கும், வியர்க்கும், இனம்புரியாத களைப்பு இருக்கும்.

இப்படி ஏதேனும் திடீரென வந்து சில நிமிடங்களில் அடங்கவில்லையா, ஆம்புலன்ஸை அழையுங்கள். தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மாடிப்படி ஏறிப் பார்த்துச் சோதிக்காதீர்கள். அப்படிச் செய்தவர்களையும் பார்த்துவிட்டேன். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர் என்றால், அழைப்பை எடுப்பவரிடம் கேட்டு, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் ‘இருங்கள்’ என்று சொன்னால் இருங்கள். சில மாரடைப்புகள் இரண்டாவது, மூன்றாவது ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும்தான் பிடிபடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளி ‘ஒன்றுமில்லை, காலையில் பார்க்கலாம்’ என்றுதான் சொல்வார். நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் அழைத்து வாருங்கள். வெறும் தசைப்பிடிப்புதான் என்று தெரிந்து திரும்பிப் போனால், இங்கே யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.