மாலை போடும் முன் காலைக் காட்டுங்கள்

"இந்தத் தைப்பூசத்துக்கு இவுகளைப் பழநிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகணும் டாக்டரம்மா" என்று அந்த அம்மா சொன்னபோது, கணவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசி மாதக் கடைசி. அவருக்கு 61 வயது, பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வந்து 12 வருடமாகிறது. அந்த அம்மாவுக்கு 55. ரத்த அழுத்தம், வலது முழங்காலில் தேய்மானம். காரைக்குடிப் பக்கம் வீடு.

ஒரு காலத்தில் வருடம் தவறாமல் நடந்தவர்தான் அவர். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்தே போவார்கள். 2021இல் அண்ணன் கொரோனாவில் போய்விட்டார். அதன்பிறகு இவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. காலையில் திருநீறு பூசுவது நின்றது, நடைப்பயிற்சி நின்றது, சர்க்கரை ஏறியது. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்ததைக் கவனித்தவர் மனைவிதான். "சாமியைக் கும்பிடச் சொல்லி நான் இவுகளை வற்புறுத்தலை. நடக்கட்டும். மத்தது தானா வரும்" என்றார்.

பத்து வருடங்களுக்கு முன்பென்றால் "வேண்டாம்மா" என்று ஒரே சொல்லில் அனுப்பியிருப்பேன். அப்படி ஒருவரை அனுப்பியும் இருக்கிறேன். அவர் என்னிடம் சொல்லாமல் மாலை போட்டு, வெறுங்காலோடு நடந்து, உள்ளங்காலில் கொப்புளம் வந்ததே தெரியாமல் ஊர் திரும்பி, மூன்று வாரம் கழித்து வாடையடிக்கும் துணிக்கட்டோடு வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. என் தடையால் அவர் பயணம் நிற்கவில்லை. எப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கும் வழிதான் அடைபட்டது. அது என் தவறு. அன்றிலிருந்து பாதயாத்திரை என்று யார் வந்து நின்றாலும், முதலில் கட்டிலில் உட்காரச் சொல்லிக் காலைப் பார்க்கிறேன்.

இவர் காலையும் பார்த்தேன். பாதம் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு. கட்டைவிரலுக்குக் கீழே தடித்த கால் ஆணி. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை எங்களிடம் உண்டு. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்போம். கட்டைவிரல் நுனியிலும் ஆணி இருந்த இடத்திலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டால், "கொஞ்ச நாளா பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, வயசுன்னு நினைச்சேன்" என்கிறார். வயது காரணமில்லை. பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்புகளை அரித்ததன் அடையாளம் அது. இந்தக் காலில் முள் குத்தினால் வலிக்காது. தார்ச்சாலை சுட்டாலும் உறைக்காது. வலி தெரிகிறவர் தானாகக் காலை எடுத்துவிடுவார். இவர் அதன் மேலேயே பத்து கிலோமீட்டர் நடப்பார். நல்லவேளையாகக் கால் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் இந்த வருடம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அடுத்து நான் சொன்னதுதான் அவருக்குக் கசந்தது. ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும். "வேண்டுதலே வெறுங்கால்லதானே" என்றார். நான் வாதம் செய்யவில்லை. அவர்கள் குழுவின் குருசாமியிடம் இந்தச் சோதனை முடிவைச் சொல்லிக் கேட்டு வரச் சொன்னேன். மருத்துவர் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொன்னால் நிற்கும். அவர் சொல்லி அனுப்பியது: ரோட்டில் ஷூ, அடிவாரம் வந்ததும் கழற்றிவிடலாம். என் அனுபவத்தில் பெரும்பாலான குருசாமிகள் விஷயம் தெரிந்தால் இப்படித்தான் சொல்கிறார்கள். விஷயத்தைச் சொல்லாமல் மறைப்பது நாம்தான்.

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், நெடுநடையில் இருப்பதுபோல. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். யாத்திரைக்கென்று புது ஷூ வாங்கி முதல் நாளே போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள், சிங்கம்புணரி தாண்டுவதற்குள் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு மாதம் அந்த ஷூ உங்களோடு பழக வேண்டும்.

கால்களும் பழக வேண்டும். குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். காலங்காலமாக நகரத்தார் காவடிகள் போகும் பாதை. இவர்கள் குழு ஏழு நாளில் போகும், ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு நாள் 20 கிலோமீட்டர் யாராலும் நடந்துவிட முடியும். மறுநாள் காலை அதே கால்களோடு எழுந்து இன்னொரு 20 நடப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

முதலில் இ.சி.ஜி.யும் டிரெட்மில் சோதனையும் எடுக்கச் சொன்னேன். 61 வயது, சர்க்கரை, மூன்று வருடமாக நடையே இல்லை என்றால் இதைத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலாகவும் களைப்பாகவும் வரலாம்.

ஐப்பசியில் மழை இடைவெளி பார்த்து வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டரில் தொடங்கினார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பிறகு கோவிலூர் போய்த் திரும்பினார்கள். கார்த்திகையில் குன்றக்குடி வரை நடந்து, அந்த அம்மா சண்முகநாதரைப் பார்த்துவர, பஸ்ஸில் திரும்பினார்கள். கோயிலுக்குள் அவர் போகவில்லையாம், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம். இதை அந்த அம்மா எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். மார்கழியில் பிள்ளையார்பட்டி வரை. வாரத்தில் ஒரு நாள் நீள நடை, மறுநாளே அதில் பாதி, அதற்கடுத்த நாள் முழு ஓய்வு. நம் முன்னோர் வைத்த 48 நாள் விரதத்தை உடம்பின் பக்கமிருந்து பார்த்தால் அருமையான ஏற்பாடு: விடிகாலை எழுதல், அளவான உணவு, மதுவும் புகையும் இல்லை. அதோடு நடையையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்த அம்மாவின் முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி கொடுத்தேன்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்துவது. கையில் ஒரு கம்பு. பழநி மலையில் ஏறும்போதைவிடப் படியில் இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சுமை அதிகம். அதனால் ஏறுவது சரிவான யானைப்பாதையில், இறங்குவது விஞ்ச் எனும் இழுவை ரயிலில் என்று முடிவு செய்தோம். அதில் குற்றம் ஏதுமில்லை.

மாத்திரை விஷயத்தைத் தயவுசெய்து உங்கள் மருத்துவரிடம் பேசாமல் விடாதீர்கள். நாள் முழுக்க நடக்கும் உடம்புக்குச் சர்க்கரை தானாகவே இறங்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவிலேயே எடுத்துக்கொண்டு, விடிகாலை மூன்று மணிக்கு வெறும் வயிற்றில் நடந்தால் லோ சுகர் ஆகிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்று வரும். கூட வருகிறவர்கள் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் நடக்கும் நாளில் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள்; உழைக்கும் தொடையிலிருந்து அது வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். பட்டினி விரதத்தோடு சேர்ந்தால் ஆபத்து. இவருக்கு அதை யாத்திரைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தி, மற்றதன் அளவையும் குறைத்தேன். இது இவருடைய கணக்கு. உங்களுக்கு வேறாக இருக்கும்.

கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கிறீர்கள். அந்த அம்மாவும் முந்தைய யாத்திரைகளில் அப்படித்தான் செய்தாராம், ஒவ்வொரு முறையும் நீர்க்கடுப்போடுதான் ஊர் திரும்பினாராம். இதை யாரும் அவரிடம் கேட்டதுமில்லை, அவர் யாரிடமும் சொன்னதுமில்லை. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று நின்று போகும் இடங்களைக் குழுவிலுள்ள பெண்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழு வண்டியோடு பேசி, மறைப்புத் துணி ஒன்று எடுத்துப் போனாலும் நல்லது. தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும்: நீர்மோர், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். சர்க்கரை உள்ளவர்கள் நீர்மோரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இருட்டில் நடக்கையில் காவி, பச்சை வேட்டிகள் லாரி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டி தெரியும்படி.

பைக்குள் நான் வைக்கச் சொன்னவை கொஞ்சம்தான்: நான்கு ஜோடி பருத்திக் கலப்பு சாக்ஸ், வாசலின் (தொடை இடுக்கிலும் விரலிடுக்கு தவிர்த்துப் பாதத்திலும் தடவ), சர்க்கரை பார்க்கும் கருவி, கட்டுத்துணி, ஒரு சிறிய டார்ச். டார்ச் எதற்கென்றால், தினமும் இரவு தங்கும் இடத்தில் மனைவி கணவரின் பாதத்தை, விரலிடுக்குகளோடு சேர்த்து, வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அவர் காலின் வலியை அவரால் உணர முடியாது. அந்த அம்மாவின் கண்தான் உணர வேண்டும். கொப்புளம் இருந்தால் உடைக்கக் கூடாது, மூடிக் கட்டி, அன்றோடு நடையை நிறுத்தி வண்டியில் ஏறிவிட வேண்டும். இதற்கு இருவரும் என் முன்னால் ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்பினேன்.

பூசம் முடிந்த மூன்றாம் நாள் வந்தார்கள். திரும்பியதும் கால் பார்ப்பதையும் முன்பே பேசியிருந்தோம். ஒட்டன்சத்திரத்துக்கு முந்தைய இரவில் இடது குதிகாலில் கொட்டைப்பாக்களவு கொப்புளம். அந்த அம்மா டார்ச்சில் பார்த்துக் கட்டியிருக்கிறார். மறுநாள் காலை அவர் நடப்பேன் என்று எழ, அந்த அம்மா விடவில்லை. மீதித் தூரம் அவர் குழு வண்டியில், அந்த அம்மா நடந்து. அடிவாரத்தில் அவர் காத்திருந்திருக்கிறார். கட்டுப் போட்ட காலுக்கு சாக்ஸ் மட்டும் மாட்டி, யானைப்பாதையில் இருவரும் ஏறியிருக்கிறார்கள்.

கொப்புளம் காய்ந்துகொண்டிருந்தது. சீழ் இல்லை, சிவப்பு இல்லை. நான் துடைத்து மருந்து வைத்துக் கட்டும்போது, "நடந்து முடிக்கலையே" என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது.

"ஆணியை இப்பவே எடுத்துருவீங்களா? அடுத்த வருசத்துக்கு" என்று அந்த அம்மா கேட்டார். புண் ஆறியதும் வரச் சொல்லி, தேதி எழுதிக் கொடுத்தேன்.