மறுபடி பிறந்தது யார்?

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் பங்குனி மாதத்தில் ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். 'பொருத்துக' என்று தலைப்பு. இடப்பக்கம் பண்டிகைகள், வலப்பக்கம் காரணங்கள். தீபாவளிக்கு நரகாசுரன், பொங்கலுக்கு அறுவடை, ஈஸ்டருக்கு 'இயேசுவின் மறுபிறப்பு'. அவன் கோடு போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் அவன் தங்கைதான் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள்.

"ஏம்ப்பா, ஏசு மறுபடியும் பாப்பாவாப் பொறந்தாரா? அப்ப குடிலப் பரணுல இருந்து எறக்கணுமா?"

ஐந்து வயது. கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. பிறப்பதென்றால் குழந்தையாகத்தான் பிறக்க வேண்டும். ஏசு பிறந்தால் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்க வேண்டும். பிழையெல்லாம் அந்தத் தாளில் இருந்த சொல்லில்தான்.

ஒரே ஒரு தாள் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் வரும் வாழ்த்துப் படங்களில் 'இயேசுபிரான் மறுபிறவி எடுத்த திருநாள்' என்று இருக்கிறது. தொலைக்காட்சிச் செய்தியிலும் கேட்டாயிற்று. எங்கள் தெருமுனையில் ஒரு பிரமுகர் வைத்த பிளெக்ஸில், லில்லிப் பூவுக்கும் அவருடைய கூப்பிய கைகளுக்கும் நடுவே அதே வாசகம். பிளெக்ஸ்காரரை மன்னிக்கலாம். பிள்ளைகளின் பாடத்தாளை எப்படி மன்னிப்பது?

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஈஸ்டர்' ஆங்கிலேயர் சொல். 725-இல் பீட் என்ற இங்கிலாந்துத் துறவி, ஏயோஸ்ட்ரே என்னும் பெண் தெய்வத்தின் பெயரால் ஒரு மாதம் வழங்கியதாகவும், அந்த மாதத்தில் வந்ததால் பண்டிகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகவும் எழுதிவைத்தார். அந்தத் தெய்வத்துக்கு அவர் எழுத்தைத் தவிர வேறு பழைய சான்று இல்லை என்பதால் அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மானியரின் 'ஓஸ்டர்ன்' இதற்கு உறவு. ஐரோப்பாவின் மற்ற மொழிகள் பலவற்றில் பண்டிகையின் பெயர் எபிரேயரின் 'பெசாக்' என்பதிலிருந்து வந்தது. யூதர் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நினைவு விழா அது. கிரேக்கத்தில் 'பாஸ்கா', இத்தாலியத்தில் 'பாஸ்குவா', பிரெஞ்சில் 'பாக்'. லத்தீன்காரரும் போர்த்துக்கீசியரும் கொண்டுவந்ததால் நம் ஊர்க் கத்தோலிக்கரிடமும் 'பாஸ்கா' நிலைத்தது. பாஸ்கா காலம், பாஸ்கா மெழுகுவர்த்தி என்று இன்றும் சொல்கிறோம்.

ஆனால் பேச்சுவழக்கில் அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. என் அப்பத்தாவுக்குப் 'பாஸ்கு' என்றால் கூத்து. சேசுநாதர் பாடுபட்டுச் சாவதையும் எழுவதையும் மேடை போட்டு விடிய விடிய நடிப்பது. மானாமதுரை போகும் வழியில் இருக்கும் இடைக்காட்டூருக்குப் பாஸ்கு பார்க்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு போன கதையை அப்பத்தா இன்றும் சொல்லும். ஆகவே 'பாஸ்கா' நல்ல சொல்தான் என்றாலும், அது நாளைக் குறிக்குமா நாடகத்தைக் குறிக்குமா என்று வீட்டுக்குள்ளேயே பஞ்சாயத்து வந்துவிடும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? இருக்கிறது: உயிர்ப்பு. கோயில் அறிவிப்பில் 'ஆண்டவருடைய உயிர்ப்புப் பெருவிழா', பேச்சில் 'உயிர்த்த ஞாயிறு'. என் மனைவி சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்தச் சபைக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பை நாங்கள் தவக்காலம் என்றால் அவர்கள் லெந்து நாட்கள் என்பார்கள். சபை வழக்கில் வேறுபாடு ஏராளம். ஆனால் இந்த ஒரு வினைச்சொல்லில் இரண்டு வீடும் ஒன்று. ஞாயிறு விடியற்காலை ஆராதனை முடிந்து என் மாமியார் போன் செய்து "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார்கள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பிள்ளைகள் அம்மாச்சிக்குப் பதில் கத்த வேண்டும். கத்தினால்தான் அடுத்த பேச்சு. எங்கள் பக்கத்து மலையாளிகளைக் கேட்டுப்பாருங்கள், அவர்களுக்கும் 'உயிர்ப்பு' ஞாயிறுதான்.

உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு, வெய்துயிர்ப்பு என்று பழம்பாடல்களில் பெருமூச்சு விடும் தலைவிகள் எத்தனை பேர். பகைவரின் செருக்கை அழிக்க முடியாதவர்கள் மூச்சு விடுவதால் மட்டும் உயிரோடு இருப்பவர்கள் ஆகமாட்டார்கள் என்று சொல்ல வந்த வள்ளுவர் 'உயிர்ப்ப உளரல்லர் மன்ற' என்கிறார், 880-ஆம் குறள். இதைக் காட்டி ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார்: "உயிர்ப்புன்னா வெறும் மூச்சுதானே, பண்டிகைக்கு அது எப்படிப் போதும்?" போதும் ஐயா. நின்ற மூச்சு திரும்பி வந்தது என்பதுதானே சேதியே. அதோடு 'எழு' சேரும்போது சொல் முழுமையாகிவிடுகிறது. தமிழில் தூக்கத்திலிருந்து எழுவதும் எழுதல், விழுந்து கிடந்தவன் நிமிர்வதும் எழுதல், கதிரவன் வருவதும் எழுதல். கிரேக்க மூலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று 'எழுந்து நிற்றல்', மற்றது 'விழித்தெழுதல்'. நமக்கு ஒரே 'எழு' இரண்டு வேலையையும் பார்க்கிறது. கூலி ஒன்றுதான்.

இப்போது மறுபிறப்புக்கு வருகிறேன். அது கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. தமிழில் அதற்கு ஏற்கெனவே முழுநேர வேலை இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் புல், பூடு, புழு, மரம், பறவை, பாம்பு என்று அடுக்கி 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று முறையிட்டது நம் காதில் ஊறிய வரி. ஒரு பிறப்பிலிருந்து இன்னொரு பிறப்புக்குப் போனால் உடல் மாறும், தாய் மாறுவாள், பெயர் மாறும், முந்தையது மறந்தும் போகும். அது ஓய வேண்டும் என்றுதான் அவர் அழுகிறார். நற்செய்தி நூல்கள் சொல்லும் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அதே ஆள், அதே உடல். கையில் ஆணி அடித்த தழும்பு அப்படியே இருக்கிறது. சீடர் தோமா அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். லூக்கா எழுதியபடி, வந்தவர் "சாப்பிட ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டு, பொரித்த மீனைச் சீடர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார். மறுபிறவி எடுத்தவருக்கு முந்தைய பிறவியின் தழும்பு எதற்கு? பழைய நண்பர்கள் வீட்டு மீன் எதற்கு? இரண்டு சமயங்களின் இரண்டு பெரிய கருத்துகளைப் போட்டுக் கலக்கினால், சைவருக்கும் பிழையாகச் சொன்னவர்கள் ஆவோம், கிறிஸ்தவருக்கும் பிழையாகச் சொன்னவர்கள் ஆவோம்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவத் தமிழிலேயே 'மறுபடி பிறத்தல்' வேறொரு பொருளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. நிக்கொதேமு என்பவரிடம் ஏசு "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால்" என்று சொல்வது, உயிரோடு இருக்கும் மனிதன் உள்ளம் மாறுவதைப் பற்றி. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் வேறு இடங்களில் 'மறுஜென்மம்' என்ற சொல்லையும் அச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கல்லறைக் காட்சிக்கு மட்டும் அதைத் தொடவில்லை. லாசரு இறந்தபோது ஏசு சொன்னதையும் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்றுதான் எழுதினார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வடமொழியைக் குறைத்து 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே' என்று மாற்றியது. ஜீவன் வாழ்வாயிற்று, உயிர்த்தெழுதல் அசையவில்லை. முந்தினவர்கள் இவ்வளவு கவனமாகப் பாத்தி பிரித்து வைத்ததை இன்று யாரோ அவசரத்தில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஆங்கிலத்தின் 'resurrection' என்ற சொல்லில் 'மறு' என்று பொருள்படும் 're' முன்னொட்டைப் பார்த்தவுடன் கை மறுபிறப்பு என்று எழுதிவிடுகிறது போலும்.

'புத்துயிர்ப்பு விழா' என்றும் ஓர் அழைப்பிதழில் பார்த்தேன். புத்துயிர் கண்மாய்க்கு வரும், தூர்வாரினால் போதும். 'ஈசுட்டர்' என்று எழுதும் அன்பர்களும் இருக்கிறார்கள். வடவெழுத்தை வெளியே அனுப்பிவிட்டால் சொல் தமிழாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டில் நல்ல சொல் இருக்கும்போது இரவல் சொல்லுக்கு எதற்கு வேட்டி கட்டிவிட வேண்டும்? பேச்சில் ஈஸ்டர் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். எழுதும்போது தமிழ் வேண்டுமென்றால் உயிர்ப்பு.

'உயிர்த்த ஞாயிறு' இலக்கணப் பிழை, ஞாயிறா உயிர்த்தது என்று ஒரு கேள்வியும் அவ்வப்போது வரும். பிறந்தநாள் கொண்டாடுகிறோமே, நாளா பிறந்தது? தமிழ்ப் பெயரெச்சம் அப்படித்தான். நடந்ததைச் சொல்லி நாளைக் கட்டிவிடும். அதிலும் மதுரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் ஊரில் விழாவுக்குப் பெயர் அன்று நடப்பதிலிருந்துதான் வருகிறது. திக்குவிசயம், திருக்கல்யாணம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது. 'அழகர் எறங்குற அன்னைக்கு' என்றால் தேதி கேட்க மாட்டார்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ முதலில் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதால் இரண்டு விழாவும் சில ஆண்டுகளில் உரசிக்கொள்ளும். 2019-இல் அழகர் ஆற்றில் இறங்கியது பெரிய வெள்ளியன்று. 2022-இல் அதற்கு மறுநாள், பெரிய சனிக்கிழமை. காலையில் வைகையில் கூட்டம். அன்று நள்ளிரவு எங்கள் கோயிலில் புதுத்தீ. ஊர் தூங்கவே இல்லை.

குழந்தைகளுக்கு அந்த இரவுதான் ஈஸ்டர். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே மூட்டிய தீயிலிருந்து பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுடர். மகன் மெழுகை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு சூடு தாங்குகிறதா என்று சோதிப்பான். மகள் மூன்றாம் வாசகத்துக்குள் பாயில் தூங்கிவிடுவாள். பெரிய வியாழனுக்குப் பின் வாயடைத்துக் கிடந்த மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது திடுக்கிட்டு எழுவாள். மறுநாள் காலை இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், நாற்பது நாள் பாக்கியைத் தீர்க்கிற மாதிரி.

முட்டைக்கும் வருகிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர்களை இன்னும் ஒரு இடத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழங்காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. கோழிக்குத் தவக்காலம் கிடையாது என்பதால் முட்டை சேர்ந்துபோகும். பண்டிகையன்று அவித்துச் சாயம் தோய்த்துக் கொடுப்பார்கள். முயல் அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1682-இல்தான் எழுத்தில் தட்டுப்படுகிறது. நாங்களும் வெங்காயத் தோலும் பீட்ரூட்டும் மஞ்சளும் போட்டு முட்டை அவிக்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அதை வீட்டில் அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடவிடுவதற்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அழைப்பில் 'முட்டை வேட்டை' என்று பெயர் போட்டிருந்தார்கள். மாசியில் முயல்வேட்டைக்குத் தடியும் நாயுமாகக் கிளம்பும் ஊர்கள் சூழ்ந்த சீமை இது. இங்கே முட்டையை வேட்டையாடுவதா? அதுவும் முயல் கொண்டுவந்த முட்டையை! முட்டை தேடுற விளையாட்டு என்றால் ஆகாதா? என் மகள் 'முட்டக் கண்ணாமூச்சி' என்கிறாள். அதைவிட நல்ல பெயரை நான் இன்னும் கேட்கவில்லை.

அன்று அடுக்களையில் அவளுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "பொறக்கல தாயி. செத்துப்போனவரு அதே ஒடம்போட உசுரு வந்து எந்திரிச்சுட்டாரு."

"காயத்தோடயா?"

"காயத்தோடதான்."

"வலிச்சிருக்குமா?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. குடில் பரணிலேயே இருக்கட்டும் என்று மட்டும் முடிவாயிற்று.

பிறகு அந்தத் தாளில் மறுபிறப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் 'உயிர்ப்பு பெருவிழா' என்று என் கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. அடித்த சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதியதில் உயிர்ப்புக்கும் பெருவிழாவுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு 'ப்' போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார்கள்.