கடல் இல்லாத ஊரில் உப்புநீர்த் தொட்டி

பெங்களூருவுக்குக் கடல் கிடையாது. கிழக்கே சென்னை, மேற்கே மங்களூரு, எந்தப் பக்கம் போனாலும் சுமார் 350 கிலோமீட்டர் சாலைப் பயணம். ஊரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருந்தும் அல்சூரிலும் இந்திரா நகரிலும் அடுக்குமாடி வீட்டு ஹாலில் கோமாளி மீன் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நன்னீர்த் தொட்டியில் கப்பி, ஏஞ்சல் என்று வருடக்கணக்காக வளர்த்துக் கைபழகியவர்கள். அவர்களே உப்புநீருக்கு மாறிய சில மாதங்களில் மனசு விட்டுப்போய்த் தொட்டியை விற்றுவிடுகிறார்கள். கேட்டால் ராசியில்லை என்பார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியில் சாகும் மீன்களில் பெரும்பாலானவற்றின் சாவுக்குக் காரணம் தண்ணீரில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி இழப்பைத் தடுத்துவிடலாம்.

முதலில் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். சமையல் உப்பை அந்த அளவு கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. சோடியமும் குளோரைடும் போக மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அதனதன் விகிதத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் மீன் கடைகளில் இதற்கென்றே உப்புக் கலவை விற்கிறார்கள். அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். இந்த ஊர் போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம், பல இடங்களில் நைட்ரேட்டும் உண்டு. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும்.

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். அதன் ரத்தத்தில் வெளியே இருப்பதைவிட உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் தானாகவே செவுள் வழியாக உள்ளே புகுந்துவிடும். அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. கடல் மீனுக்கு எல்லாமே தலைகீழ். அதன் ரத்தத்தில் இருக்கும் உப்பு கடல்நீரில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதன் உடலிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அது இடைவிடாமல் கடல்நீரைக் குடிக்கிறது, அதோடு வரும் உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. இதற்கு உடலின் சக்தி செலவாகிறது. தொட்டியில் உப்பின் அளவு ஏறி இறங்கினால் இந்தச் செலவு கூடும், மீன் களைத்துப்போகும், நோய் எளிதில் தொற்றும்.

ஏறி இறங்குவதற்கு முக்கியமான காரணம் ஆவியாதல். பெங்களூரு காற்று பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறண்டு கிடக்கும், தொட்டியின் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பினால் வாரத்துக்கு வாரம் தொட்டி கரித்துக்கொண்டே போகும். சாதா ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும் கொஞ்சமாக.

அடுத்தது அம்மோனியா. என்னைக் கேட்டால், மீன் வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அம்மோனியா டெஸ்ட் கிட். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான் வரும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் உள்ள அம்மோனியம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியாதான் செவுளை ஊடுருவிக் கொல்லும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு. நன்னீர்த் தொட்டியில் பி.எச். 7.2 என்றால் கொல்லும் வடிவம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும், அங்கே அது நூறில் ஆறேழு பங்கு. டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் உப்புநீரில் விஷம் பல மடங்கு. நன்னீரில் கைபழகியவர் ஏமாறுவது இங்கேதான்.

சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வரும் மீன் பையையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கும். அம்மோனியா கூடிக்கொண்டே போனாலும் பெரும்பகுதி கெடுதல் செய்யாத வடிவத்தில் இருக்கும், மீன் பிழைத்திருக்கும். பையைப் பிரித்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாக மாறும். திறந்த பையில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மணிக்கணக்கில் பழக்குவது, நீண்ட பயணம் செய்து வந்த மீனுக்கு நல்லதல்ல. கட்டிய பையையே சற்று நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்துவிட்டு, பைத் தண்ணீரின் உப்பளவுக்கு முன்பே தயார் செய்த தனித் தொட்டியில் சீக்கிரம் விட்டுவிடுவது மேல்.

இந்த அம்மோனியாவைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். கல், மணல், ஃபில்டர் என்று எல்லாப் பரப்பிலும் ஒட்டி வளரும் இவை பெருகுவது மெதுவாகத்தான். புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், குளிர்ந்தால் இன்னும் கூடும். பெங்களூரு டிசம்பரில் இட்லி மாவு பொங்க மறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீன் இல்லாத வெறும் தொட்டியை ஒன்றரை மாதம் ஓடவிட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்த ஆறு வாரமும் வீணாவதில்லை. இரவில் விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோப்பிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுயிர்கள் துள்ளி ஓடும். பிறகு கல்லில் ஊதா நிறப் பாசி படியத் தொடங்கும். தொட்டி உயிர் பிடித்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது பவளக் கல் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சுட்ட பீங்கான் கல்லிலும் பாக்டீரியா நன்றாகவே குடியேறும்.

ஆக்சிஜன் விஷயத்தில் இந்த ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். உப்பு கரைந்த நீரில் வாயுவுக்கு இடம் குறைவு, கடல்நீரில் 6.8 தான். இது கடல் மட்டத்தில். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் பெங்களூருவில் அது 6-ஐ ஒட்டித்தான் இருக்கும். மீன் மட்டுமல்ல, நாம் பாடுபட்டு வளர்த்த பாக்டீரியாவும் இதையே சுவாசிக்கிறது. இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கிவிடும். கோடையில் நள்ளிரவு கரண்ட் போய், பம்ப் நின்று, வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் காலையில் மிஞ்சுவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு யு.பி.எஸ்.ஸில் டி.வி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொட்டி நீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்ப் கட்டாயம் இருக்க வேண்டும். பவர்ஹெட் நீர்மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வருகிறது.

வெள்ளைப் புள்ளி நோய்க்கு வருவோம். மனசை உடைப்பதில் இதற்கு இணை கிடையாது. மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும், நாலைந்து நாளில் மறைந்துவிடும். உடனே போன் வரும்: "அண்ணா, மருந்தே போடல, தானா சரியாயிடுச்சு!" சரியாகவில்லை தம்பி, இனிமேல்தான் இருக்கிறது. கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் சில நாள் தின்று கொழுத்துவிட்டுத் தானாகவே கழன்று விழுகிறது. மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு, மேலே ஓடு கட்டிக்கொண்டு, உள்ளுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அத்தனையும் வெளியே வந்து மீனைத் தேடும். கடலில் அவற்றில் பெரும்பாலானவை மீனே கிடைக்காமல் மடிந்துவிடும். தொட்டியில் மீன் எங்கே ஓடும்? இரண்டாம் தடவை புள்ளிகள் செவுள்வரை போய் மூச்சை அடைத்துவிடும். புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்ப்பது ஒன்றுதான் நிச்சயமான காப்பு.

இத்தனையும் கற்றுத் தேறியவர் அடுத்து ஆசைப்படுவது கடல்குதிரைக்குத்தான். ஆசைப்படாமல் இருக்கவும் முடியாது. இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றும், வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். கடல்குதிரைகளைக் கடலடியில் இருந்து ஆராய்ந்த அமண்டா வின்சென்ட், சில இனங்களில் ஜோடிகள் தினமும் காலையில் சந்தித்து, நிறம் மாறி, வால் கோத்து நீந்துவதைப் பதிவு செய்திருக்கிறார். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இடும், தகப்பன்தான் கருச் சுமப்பான். அந்தப் பைக்குள் ஆக்சிஜன் போகிறது, உப்பின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீருக்கு இணையாகக் கூட்டப்படுகிறது. பிறக்கும் குஞ்சு ஏற்கெனவே கடலுக்குப் பழகியிருக்கும்.

ஆனால் தொட்டி வாழ்க்கை அந்த உடம்புக்கு ஒத்துவராது. கடல்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. விழுங்கியதைச் சேர்த்துவைக்க இடமில்லாததால் சீக்கிரமே வெளியேறிவிடும், அதனால் பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அது வேட்டையாடும் விதமோ அபாரம். கோப்பிபாட் தண்ணீரின் சிறு அசைவையும் உணர்ந்து தப்பிவிடும் உயிர். கடல்குதிரையின் தலை வடிவம், மூக்கு நுனிக்கு மேலே உள்ள நீர் ஏறக்குறைய அசையாதபடி அமைந்திருக்கிறது. அப்படியே மெல்ல நெருங்கி, தசைநாணில் இழுத்துவைத்த விசையை விடுவித்துத் தலையைச் சட்டென்று உயர்த்தி இரையை உறிஞ்சிவிடும். குட்டை இனம் ஒன்று இதை ஒரு மில்லி விநாடிக்குள் முடிக்கிறது. அமைதியான நீரில் அதன் பத்து முயற்சியில் ஒன்பது பலிப்பதாக 2013-இல் வந்த ஆய்வு காட்டியது.

அமைதியான நீரில் என்பதுதான் முக்கியம். மற்ற மீன்களைக் காப்பாற்றிய பவர்ஹெட் ஓட்டம் இந்த வேட்டையைக் குலைத்துவிடும். ஓட்டத்தைக் குறைத்தால் கழிவு தேங்கும், ஆக்சிஜன் இறங்கும். இதன் செவுளோ மற்ற மீன்களுடையதுபோலத் தட்டுத்தட்டாக இல்லாமல் சிறு சிறு கொத்துகளாக இருக்கும். நாள் முழுக்கத் தீனி போட்டாக வேண்டும், போட்டால் மிஞ்சியது அம்மோனியா ஆகும். கோமாளி மீனோடு சேர்த்துவைத்தால் இது கண் சுழற்றிக் குறிபார்ப்பதற்குள் அது தட்டைக் காலி செய்திருக்கும். கடலில் பிடித்த கடல்குதிரை பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் தொடும். இதற்கு மேல் சூடு கூடினால் விப்ரியோ பாக்டீரியா தொற்றும், ஆணின் பையில் வாயுக் குமிழ் சேர்ந்து தலைகீழாக மிதக்கவைக்கும். நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது என்று சொல்வார்கள். திடீரென்று போவதில்லை, தீனி கண்ணெதிரே மிதக்க நாள்கணக்கில் பட்டினி கிடந்தே போகிறது.

கடல்குதிரை வளர்ப்பது சட்டப்படியும் தவறு. இந்தியக் கடலில் உள்ள கடல்குதிரைகளையும் அவற்றின் உறவான குழல்மீன்களையும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளில் வாழும் இவை இழுவைமடியில் சிக்கியும், மருந்து என்ற பெயரில் உலர்த்திக் கடத்தப்பட்டும் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அதே பாக் விரிகுடாவில் 2022-இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா (கடற்பசு) காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்காகக் காக்கப்படும் கடற்புல் கடல்குதிரைக்கும் வீடு. அதை அங்கேயே விட்டுவைப்போம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தொட்டிக்கு மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் கேளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்கள் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையைப் பல இனங்களில் உருவாக்கியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் உலர்தீனியைக் கூசாமல் தின்னும். இரண்டை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாக மாறும், சிறியது ஆணாகவே நிற்கும். நன்றாக ஒத்துப்போனால் ஒரு நாள் மண்சட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை இட்டிருக்கும். ஆண் அதன் பக்கத்திலேயே இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். ஏழெட்டு நாளில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னும், விளக்கணைத்த பிறகு பொரியும். அந்தக் குஞ்சுகளின் வாய் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிர் நுழையும் அளவுதான். ரோட்டிஃபருக்குத் தீனி பச்சைப் பாசி நீர். முட்டையைப் பார்த்த பிறகு பாசி வளர்க்கத் தொடங்கினால் நேரம் போதாது. ஜோடி சேர்ந்துவிட்டது என்று தெரிந்த வாரமே ஜன்னலோரம் இரண்டு பாட்டிலில் பாசியை ஏற்றிவிடுங்கள்.