டென்ஸ்: தோல்வழி நரம்பு மின்தூண்டல்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கேரளத்துக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். குனிந்து குனிந்து காய் எடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டால், பிசியோதெரபியில் இரண்டோ நான்கோ பட்டைகளை ஒட்டி ஒரு சின்னப் பெட்டியை முடுக்கிவிடுவார்கள். சீட்டில் எழுதுவது 'டென்ஸ்'.

'டிரான்ஸ்கியூட்டேனியஸ் எலெக்ட்ரிகல் நெர்வ் ஸ்டிமுலேஷன்' என்பதன் முதலெழுத்துகள் அவை. லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் ஊடாக, 'கியூட்டிஸ்' என்றால் தோல். 'ஸ்டிமுலஸ்' மாட்டை விரட்டும் முள்கோல், நம் தார்க்குச்சியேதான். தமிழில் 'தூண்டல்' விளக்குத் திரியையும் தூண்டும். இந்தப் பெட்டி செய்யும் வேலைக்குக் குத்துவதைவிட அதுவே பொருத்தம்.

சிக்கல் 'நரம்பு' என்பதில். 'ஊசி போட நரம்பு கிடைக்கலை' என்று நர்ஸ் சொல்வது ரத்தக்குழாயை. மலையாளத்து 'ஞரம்பு'க்கும் இதே இரட்டைப் பொருள். அங்கே பாடப்புத்தகம் நெர்வை 'நாடி' என்கிறது. நமக்கு நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்ப்பது. மலை ஏறி வைத்தியம் பார்க்கிறவர் இரண்டையும் தெரிந்துகொண்டால் நல்லது.

'கரண்ட் வைத்தால் சுடுமா?' என்று கேட்காதவர் குறைவு. சரியான அளவில் வைத்தால் சுடாது, விறுவிறுக்கும். மலையாளி இதைத் 'தரிப்பு' என்பார். தொடுவதையும் அதிர்வையும் கொண்டுபோகும் நரம்பு இழைகள் பருமனானவை. வலி, சூடு, குளிர்ச்சியைக் கொண்டுபோகிறவை மெல்லியவை. மின்சாரத்துக்கு முதலில் எழுவது பருத்த இழைகள்தான். மெல்லியவற்றை எட்டாத அளவிலேயே கரண்டை நிறுத்திக்கொள்வதால் சூடு தெரிவதில்லை. பருத்த இழைகளின் செய்தி முதுகுத்தண்டில் வலியின் வழியை அடைத்துவிடுகிறது என்று வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் சொன்னார்கள். 'வாயிற் கட்டுப்பாடு' என்பது அதுதான். முட்டி இடித்ததும் கை தானாகத் தேய்க்கப் போகிறதே, அதற்கும் இதே விளக்கம். பின்னால் திருத்தங்கள் வந்தன. டென்ஸுக்கு அடிப்படை இன்றும் இதுவே.

சூடும் வலியும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு மிளகாய் போதும். மிளகாய் அரைத்த கை 'காந்துது', சுடுபாத்திரம் பட்ட கையும் 'காந்துது'. சூட்டை உணரும் நரம்புமுனையில் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும் ஏற்பி ஒன்று உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதையே திறக்கிறது. அதைக் கண்டறிந்த விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பெற்றார். நம் சமையலறை சூடு, காரம் இரண்டுக்கும் ஒரே சொல்லை முன்பே வைத்திருந்தது.

தமிழில் 'தோல்வழி நரம்பு மின்தூண்டல்' என்பதே என் தேர்வு. 'மின்நரம்புத் தூண்டல்' என்று எழுதினால், நரம்பே மின்சாரத்தால் ஆனது போலாகிவிடும். பேச்சுக்கு 'டென்ஸ்' இருக்கட்டும்.

அப்புறம், இது வலியை மட்டுப்படுத்தும், வலிக்குக் காரணமானதைச் சரிசெய்யாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. மரத்துப்போன தோலிலும் வேண்டாம். கரண்ட் கூடினாலும் அங்கே தெரியாது.