மாதவிடாய் நின்ற பின் படும் உதிரமும் கருப்பையின் நுண்ணுயிர்களும்

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பது மகளிர் மருத்துவத்தின் பழைய பாடம். ஆனால் ஈரோடு, பெருந்துறை, கோபி வட்டாரத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் இதை வாய்விட்டுச் சொல்லவே மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். "நின்னு அஞ்சாறு வருசம் ஆச்சுங்க டாக்டர், இப்ப லேசாப் பட்டுதுங்க, சூட்டுனால இருக்குமுங்க" என்பார்கள். தறிக்கூடத்திலோ பனியன் கம்பெனியிலோ நாளெல்லாம் நிற்கிற உடம்பு சூடாகத்தானே செய்யும் என்று வீட்டில் உள்ளவர்களும் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இப்படி உதிரம் படும் பெண்களில் ஏறத்தாழ 10-இல் ஒருவருக்கே கருப்பையின் உள்வரிச் சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சவ்வு மெலிந்திருப்பதோ சதை வளர்ச்சியோதான் காரணம். ஆகவே கேட்டவுடன் கலங்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் புற்றுநோய் கண்டவர்களைத் திரும்பிப் பார்த்தால் அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு உதிரப்போக்கே முதல் அறிகுறியாக இருந்திருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாக முன்னறிவிப்புத் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை.

நோயின் வேர் பெரும்பாலும், கருப்பையின் உள்வரிச் சவ்வை வளரச் செய்யும் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜெனில் இருக்கிறது. சினைப்பை ஓய்ந்த பிறகும் உடலின் கொழுப்புத் திசு வேறு சுரப்புகளை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த வளர்ச்சிக்கு எதிர்நிற்கும் மற்றொரு பெண்மைச் சுரப்பான புரோஜெஸ்டிரோன் அப்போது இருக்காது. அதனால் உடற்பருமன், சர்க்கரை நோய், இளவயதிலிருந்தே தொடரும் சினைப்பை நீர்க்கட்டிகள் ஆகியவை இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. காட்டு வேலை குறைந்து உட்கார்ந்த வேலையும் சர்க்கரை நோயும் பெருகிவிட்ட நம் பகுதியில் இதைக் கவலையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி நுண்ணுயிர்களுக்கு வருவோம். பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பி.எச். அளவை (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4.5-க்குக் கீழே வைத்திருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அவற்றின் உணவுக்கு ஆதாரமான கிளைகோஜனும் குறைகிறது. அமிலத்தன்மை தளர்ந்து வேறு இனங்கள் குடியேறுகின்றன. கருப்பையின் உட்புறம் கிருமியே இல்லாத இடம் என்றுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2016-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், கருப்பை அகற்றும் அறுவை செய்துகொண்ட பெண்களின் மாதிரிகளைச் சோதித்து, புற்றுநோய் இருந்தவர்களிடம் அட்டோபோபியம் வஜைனே என்னும் பாக்டீரியாவும் போர்பிரோமோனாஸ் இனம் ஒன்றும் சேர்ந்து காணப்படுவதையும், அவர்களில் பலரது பி.எச். 4.5-ஐத் தாண்டியிருப்பதையும் வெளியிட்டார்கள். அதன் பின்னர் வந்த ஆய்வுகளில் போர்பிரோமோனாஸ் சோமேரே என்ற இனம் கருப்பை உட்சவ்வின் செல்களுக்குள் நுழையக்கூடியது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. நீடித்த அழற்சி வழியாக இவை நோய்க்குத் துணைபோகலாம் என்பது ஒரு கருதுகோள்.

கருதுகோள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த 2016 ஆய்வில் இருந்தவர்கள் 31 பெண்கள் மட்டுமே. கருப்பைக்குள் பாக்டீரியாக்கள் மிகக் குறைவாக இருப்பதால், மாதிரி எடுக்கும் வழியில் ஒட்டிக்கொண்டவை எவை, உள்ளேயே இருந்தவை எவை என்று பிரிப்பதும் கடினம். அதைவிட முக்கியமாக, பருமனும் வயதும் மாதவிடாய் நிற்றலுமே இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றக்கூடியவை; பாக்டீரியா மாறியதால் புற்றுநோய் வந்ததா, புற்றுநோய்க்குக் காரணமான அதே நிலைமைகள்தாம் பாக்டீரியாவையும் மாற்றினவா என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி.

இதற்குள் கடைகளில் பிறப்புறுப்புக் கழுவு திரவங்களும் நல்ல பாக்டீரியா மாத்திரைகளும் வந்துவிட்டன. கழுவு திரவத்தைப் பிறப்புறுப்பின் உள்ளே செலுத்திக் கழுவுவது லாக்டோபாசில்லஸையும் சேர்த்தே வெளியேற்றிவிடும்; வேண்டாம் என்பதே என் அறிவுரை. மாத்திரைகள் இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வெள்ளைப்படுதலோடு நாற்றம் இருந்தால் அதற்கு உரிய மருத்துவம் செய்துகொள்ளலாம், ஆனால் அதைப் புற்றுநோய்த் தடுப்பு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

முகாமில் எடுத்த பாப் சோதனை சரியாக இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அது கருப்பை வாய்க்கான சோதனை; உட்சவ்வில் உள்ள நோயை அதை நம்பி ஒதுக்கிவிட முடியாது. முதலில் பிறப்புறுப்பின் உள்வழியாகச் செய்யும் ஸ்கேன் மூலம் சவ்வின் தடிமனை அளக்கிறோம். அது 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, குறைவாக இருந்தும் உதிரம் மீண்டும் மீண்டும் பட்டாலோ, மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறிது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்து இல்லாமலே, மாதவிடாய் வலி போன்ற வலியோடு சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். நோய் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டத்தில் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதுமானது.

வரும்போது இரண்டு செய்திகளை மருத்துவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: மார்பகப் புற்றுநோய்க்காகத் தமொக்சிஃபென் மாத்திரை எடுத்திருந்தால் அதையும், இரத்த உறவில் எவருக்கேனும் குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ இளவயதில் வந்திருந்தால் அதையும். இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று இருப்பவர்களுக்கும் ஸ்கேன் அளவை மட்டும் நம்பி நாங்கள் முடிவு செய்வதில்லை.