எக்ஸ்பிக்குத் திறந்துவிட்ட டி டிரைவ்

மாம்பழ சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்கும் தூக்கம் கிடையாது. கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எடை மேடை கம்ப்யூட்டர் படுத்தால் அத்தனை வண்டியும் அங்கேயேதான்.

போன சீசனில் ஒரு ஃபேக்டரி முதலாளி விடியற்காலையில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு ஃபைலும் திறக்கல. பேரெல்லாம் மாறிக் கெடக்கு." போய்ப் பார்த்தால் புது விண்டோஸ் 10 மெஷின், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் மென்பொருள்) பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அவர்களுடைய பழைய எடைக் கணக்கு மென்பொருள் எக்ஸ்பியை விட்டு நகராது. அந்த ஏற்பாட்டில் தப்பில்லை, நானே பல இடங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஃபைல் போய்வர வைத்திருந்த வழிதான் கோளாறு.

நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10 அந்தப் பழைய எஸ்எம்பியின் சர்வர் பகுதியை (ஃபோல்டரை மற்ற மெஷின்களுக்குத் திறந்துவிடுவது) தானாகச் சேர்ப்பதில்லை. இங்கே யாரோ வீடியோ பார்த்து அதைத் தேடிப் பிடித்து டிக் போட்டிருந்தார்கள். நெட்வொர்க் பிரிட்ஜ்டு, அதாவது எக்ஸ்பியும் ஆபீஸ் நெட்வொர்க்கில் தனி மெஷின் போல. டி டிரைவ் முழுசும் எல்லோருக்கும் எழுதும் உரிமையோடு ஷேர். எக்ஸ்பியில் செருகிய பென்டிரைவில் வந்த வைரஸ், நேராக டி டிரைவுக்கு நடந்து போய்விட்டது.

"நாட் (NAT) முறைக்கு மாத்திட்டா போதுமா?" என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ்பி தனி மெஷினாகத் தெரியாமல் ஹோஸ்ட் வழியாகவே வெளியே போகும் முறை அது; ஹோஸ்ட் என்பது வெளியே இருக்கும் விண்டோஸ் 10. வெளியிலிருந்து எக்ஸ்பிக்குள் வருவது நிற்கும். எக்ஸ்பியிலிருந்து ஹோஸ்ட்டையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் தொடுவது நிற்காது.

நான் இப்போது எக்ஸ்பியின் நெட்வொர்க் அடாப்டரை 'நாட் அட்டாச்டு' (Not attached, இணைப்பே இல்லை) என்று வைத்துவிடுகிறேன். முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நெட்டே இல்லாம ஃபைல் எப்படிப்பா போகும்?" போகும். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை எக்ஸ்பிக்குள் போட்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க் கார்டே வேண்டாம். எஸ்எம்பியும் வேண்டாம், டிக்கை எடுத்துவிடலாம். இது தெரியாமல்தான் பாதிப் பேர் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

ஃபோல்டர் இரண்டு வைக்கிறேன். உள்ளே போகும் ஃபைலுக்கு ஒன்று, அது ரீட் ஒன்லி. வெளியே வருவதற்கு ஒன்று, அதில் மட்டும் எக்ஸ்பி எழுதலாம். சாயங்காலம் அதிலிருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்திக் காலி செய்துவிட வேண்டும். எழுத அனுமதித்த இடத்தில் வைரஸும் எழுதும் அல்லவா? டிரைவ் முழுசையும் இப்படி ஷேர் செய்தால் பழைய கதைதான்.

அந்த ஃபேக்டரியில் பேக்கப் டிஸ்க் ஒன்று பீரோவில் இருந்தது, மூன்று வாரம் பழையது. மிச்ச எடைச் சீட்டுகளையெல்லாம் கார்பன் நகலை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் ராப்பகலாக உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள். சில நகலில் எண்ணே பதிந்திருக்கவில்லை. அந்த லோடுகளுக்கு விவசாயிகள் சொன்ன எடைதான் கணக்கு.